ஞாயிற்றுக்கிழமையை மீட்போம்!

தருமபுரிக்கு வடமேற்கே பெண்ணாகரம் வட்டத்தில் அமைந்த பாப்பாரப்பட்டி, தமிழர் வரலாற்றில் இரண்டு கரணியங்களால் நினைக்கப்பட வேண்டிய ஊர். ஒன்று பலரும் அறிந்தது. சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்து, 1925 சூலை 23-ஆம் நாள் கண்மூடிய மண் அது. மற்றொன்றை இன்று பேசுவார் அரியர். 1937 அக்டோபர் முதல் நாள் சென்னை மாநிலத்திலேயே முதன்முதலாகக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் இழுத்துப் பூட்டப்பட்டது சேலம் மாவட்டத்தில். தருமபுரி 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று என்பதால், அன்று பாப்பாரப்பட்டியும் அச்சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. கூலியுரிமைக்காகச் சிறை சென்ற ஒருவர் அடங்கிய மண்ணும், கூலியைக் குடியினின்று காக்க முதற்சட்டம் செயற்பட்ட மண்ணும் ஒன்றே. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

சிவா யார்? வெள்ளையனை எதிர்த்து மேடைகளில் முழங்கியவர் என்ற அளவிலேயே பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறியபோது, வ.உ. சிதம்பரனாரோடு அவர்தம் பக்கத்தில் நின்று பேசியவர் அவர். ஒன்பது நாள் நடந்த அப்போராட்டத்தின் முடிவில் ஆலையார் பணிந்தனர். தொழிலாளர் பெற்றவை மூன்று: கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு ஓய்வு. இம்மூன்றுக்கும் சிவா தந்த விலையோ சிறை. சிறையில் பற்றிய தொழுநோய். அந்நோயைக் கரணியமாகக் காட்டி அரசினர் அவர் தொடர்வண்டியில் ஏறுவதையே தடுத்தமையால், புண்பட்ட காலோடு ஊர் ஊராக நடந்த நடை. நாற்பத்தோராம் அகவையிலேயே அவர் மறைந்தார். ‘ஞானபானு’ என்று வடமொழிப் பெயர் சூட்டிய தம் இதழிலேயே, வடசொல் கலவாத தமிழில் கட்டுரை எழுதுவார்க்கு ஐந்து உரூபாய்ப் பரிசு என 1915-இல் அறிவித்தவரும் அவரே என்பதை நம் இயக்கத்தவர்க்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்று யார் கையில் இருக்கிறது? தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க்கு வேண்டுமானாலும் செல்லுங்கள். காரியன்று மாலை கூலி வாங்கப்படுகிறது. ஞாயிறன்று அக்கூலியில் பெரும்பகுதி அரசின் கடைக் கம்பிக் கூண்டுக்குள் நீட்டப்படுகிறது. திங்களன்று வேலைக்களத்தில் ஆள் இல்லை. வந்த ஆளுக்கும் கை இல்லை; நடுங்குகிறது. ஆலை முதலாளியிடமிருந்து ஒன்பது நாள் பட்டினி கிடந்து பறித்த ஓய்வுநாளை, கேளாமலே கொண்டுபோய் வேறொருவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறோம். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடிக்கும் கைகளுள் எத்தனை கைகள், உயர்ந்த கூலியை வீடு கொண்டு சேர்க்கின்றன?

குடியை விடுவது பற்றிப் பேசினாலே, ‘இவர் நமக்கு நோன்பு கற்பிக்க வந்துவிட்டார்’ என்று சிலர் முகத்தைத் திருப்புகின்றனர். அன்பர்களே, நோன்பைப் பற்றி நான் பேசவில்லை. திருவள்ளுவரும் பேசவில்லை. அவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார், துறவறத்தோடு சேர்த்தார். கள்ளுண்ணாமையை எங்கே வைத்தார்? பொருட்பாலில் வைத்தார். வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் நடுவில், 93-ஆம் அதிகாரமாக வைத்தார். அவர் கருத்து வெளிப்படை. குடியாமை என்பது வீடுபேற்றுக்கு வழி என்பதற்காக அன்று. பொருளை, தொழிலை, பகைவர்முன் நிற்கும் நிலையை, நண்பர் நடுவே உள்ள மதிப்பைக் காப்பது என்பதற்காக. நம் மேடைகளில் இவ்வதிகாரத்தை ஒழுக்கவுரையாக மட்டுமே விரித்துரைத்து, கேட்பவனைக் கொட்டாவி விட வைத்துவிட்டோம். அது கணக்குப் பாடம்.

கணக்கையே போடுவோம். நாட்கூலி 700 உரூபாய் பெறும் ஒரு கட்டட வேலையாளை எடுத்துக்கொள்வோம். திங்களுக்கு 26 நாள் வேலை செய்தால் 18,200 உரூபாய். மாலைதோறும் அவர் ஒரு கால் புட்டிக்கும் அதனோடு ஒட்டிய தொடுகறிக்கும் 150 உரூபாய் செலவிடுகிறார் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 30 நாளைக்கு 4,500. இதுவரை எல்லாரும் போடும் கணக்கு. யாரும் போடாத கணக்கு இனிமேல்தான். திங்கட்கிழமைகள் நான்கு போகின்றன, 2,800. ஆக, கைக்கு வரவேண்டிய 18,200-இல் வீட்டுக்கு எஞ்சுவது 10,900. திங்களுக்கு 7,300, ஆண்டுக்கு 87,600. இத்தொகை அரசுப்பணியாளர்க்குப் பெரிதாகத் தோன்றாது. வட்டிக்கு வாங்கி மகளைப் படிக்கவைக்கும் வீட்டில், அவ்வட்டியின் பெயரே இதுதான்.

இதில் சேராதவை இன்னும் உள்ளன. குடிப்பவன் என்று பெயர் வாங்கியவனை மேத்திரி பூச்சு வேலைக்கு அழைப்பதில்லை. கல் சுமக்க அழைக்கிறார். சாரத்தின்மேல் நிற்கும் காலும் தூக்குக்குண்டை நோக்கும் கண்ணும் ஆடக்கூடாது என்பது தொழிலின் கட்டளை. கை நடுங்கும் கொத்தனார், சித்தாளின் கூலிக்கு இறங்கி வருகிறார். இறங்கி வந்ததைத் தம் மனைவியிடம் சொல்வதில்லை.

தருமபுரிப் பேருந்தில் ஒருமுறை என் பக்கத்தில் அமர்ந்து வந்த ஒரு கொத்தனார், மூன்றாண்டாகக் குடிப்பதில்லை என்றார். பெங்களூருவில் வேலை, இரு கிழமைக்கு ஒருமுறை ஊர் வருகிறார். “விட்டதால் நல்ல பணம் மிஞ்சியிருக்குமே” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “எல்லாரும் அதைத்தானுங்க ஐயா கேக்கறாங்க. பணம் பின்னால வந்தது. மொதல்ல கெடச்சது திங்கக்கெழம” என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். முன்பெல்லாம் கிழமைக்கு ஐந்து நாள்தான் அவருக்கு உண்டாம். ஞாயிறும் திங்களும் எப்படிப் போயின என்பதே தெரியாதாம். இப்போது ஞாயிறன்று மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் வருகிறாள். முன்பு அவர் வந்தால் புத்தகத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாளாம். “எனக்கு அந்தக் கணக்கு வராதுங்க, ஆனா பக்கத்துல ஒக்காந்திருக்கேன்” என்றார். குடியை விடுவதால் வேலைக்கும் வீட்டுக்கும் என்ன பயன் என்று நூறு பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல என்னால் இயலாது.

இனி, அந்த 1937-க்கு வருவோம். அன்றைய முதலமைச்சர் இராசாசி. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆச்சிரமம் நடத்தி, கள்விலக்குக்காகவே ஓர் இதழும் வெளியிட்டவர். (அவ்விதழுக்கும் ‘விமோசனம்’ என்றுதான் பெயர் வைத்தார், விடுதலை என்ற சொல் அவர் கண்ணில் படவில்லை போலும்!) இவ்விராசாசியே மறு ஆண்டில் பள்ளிகளில் இந்தியைத் திணித்தார். 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தனர். அக்குற்றத்தை நாம் மறக்கவும் மாட்டோம், பொறுக்கவும் மாட்டோம். ஆனால் பகைவன் செய்தான் என்பதற்காக நல்லதைத் தீயது என்று சொல்லும் பழக்கம் நமக்கு வேண்டா. இந்தியைப் புகுத்திய கை, கள்ளுக்கடையைப் பூட்டவும் செய்தது. முன்னதை எதிர்த்துச் சிறை சென்றவர் வீட்டுப் பெண்டிரும் பின்னதால் ஒரு வேளை மிகுதியாக உலை வைத்தனர்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் தாமசு, சேலம் மாவட்டத்தில் அக்கள்விலக்கின் பொருளியல் விளைவுகளை ஆராய்ந்தார். கடைக்குப் போய்க்கொண்டிருந்த காசு உணவுக்கும் உடைக்கும் திரும்பிய செய்தி அக்காலத்து ஆய்வுகளில் பதிவாயிற்று. எங்கும் கள்ளத்தனமாகக் காய்ச்சவில்லை என்று நான் சொல்லவில்லை, காய்ச்சினர், பிடிபட்டனர். ஆனால் கடை கண்ணெதிரே இல்லாதபோது, தேடிப்போய்க் குடிக்கும் அளவுக்கு வெறி பிடித்தவர் சிலரே. வழியில் இருந்ததால் குடித்தவரே பலர். இவ்வுண்மை ஒன்றுபோதும், கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் கடை வைப்பதற்கான கரணியத்தை விளக்க.

கடைகளை மூடியதால் வந்த வருவாய் இழப்பை எப்படி ஈடுசெய்வது? 1939-இல் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நன்றாகக் கவனியுங்கள்: குடியால் வரும் காசு வேண்டா, அதற்கு ஈடாக விற்பனை வரி தருகிறோம் என்பதே அன்று மக்களோடு செய்துகொண்ட உடன்பாடு. மக்கள் வரியைக் கொடுத்தனர். பெயரும் வடிவும் மாறி இன்றுவரை சோப்புக்குக்கூடக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றனர். ஆட்சியாளரோ கடைகளையும் திறந்துகொண்டனர். ஒரு பொருளை விற்றுப் பணம் வாங்கிக்கொண்டு, பொருளையும் தாமே வைத்துக்கொள்வோரை ஊரில் என்ன சொல்லி அழைப்போம்?

திறந்த கதையைச் சுருங்கச் சொல்கிறேன். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி கள்விலக்கை நிறுத்தி வைத்தது. 1948 அக்டோபர் 2-ஆம் நாள் ஓமந்தூரார் ஆட்சியில் அது மாநிலம் முழுமைக்கும் ஆயிற்று. 1971-இல் கருணாநிதி ஆட்சி அதைத் தள்ளி வைத்தது. 1973-இல் கள்ளுக்கடைகளையும் 1974-இல் சாராயக்கடைகளையும் மீண்டும் மூடியது. 1981-இல் ம.கோ.இராமச்சந்திரன் ஆட்சி திறந்தது. 1983-இல் அதற்கென ஒரு கழகத்தையே அமைத்தது. 2003-இல் செயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அக்கழகத்திடமே ஒப்படைத்தது. அதன்பின் எக்கட்சி வந்தாலும் கல்லாப்பெட்டி மாறவில்லை. 2023-24-ஆம் ஆண்டில் இவ்வழி வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி உரூபாய்க்கு மேல். அக்கழகத்தின் பெயரையும் பாருங்கள்: தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். வாணிகம் என்பதே பிழையற்ற வடிவம் என்பது ஒருபுறமிருக்க, எதை விற்கிறோம் என்று சொல்ல நாணி, விற்கிறோம் என்று மட்டும் சொல்லும் பெயர் உலகில் வேறெங்கேனும் உண்டா? நாணம் இருந்தால் தொழிலை விட்டிருக்கலாம். பெயரில் மட்டும் நாணம்.

இத்தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் வளைவுமாக இரண்டு மூன்று தலைமுறைகள் துன்புற்றன. ஒகேனக்கல்லில் கண்ணெதிரே பாயும் காவிரி நீரை இம்மக்கள் குடிப்பதற்குக் குழாயில் கொண்டுவந்தது 2013-இல்தான். சாராயத்துக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, எதிர்ப்பார் கூற்றுகளைப் பார்ப்போம். அவற்றுள் நம்மவர் வாயிலிருந்து வருவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘கழகக் காலத் தமிழர் கள்ளுண்டனர், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியே ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துண்டான் எனப் புறநானூறு கூறுகிறது, அதே தகடூர் மண்ணில் நின்று கள்ளுண்ணாமை பேசுகிறீரே’ என்பார்கள். ஆம், கூறுகிறது. மறைக்க வேண்டுவதில்லை. நறவென்றும் தேறலென்றும் தோப்பியென்றும் எத்தனை பெயர்கள்! ஆனால் அப்புறப்பாட்டு எதைப் பாடுகிறது? சிறிதே கிடைத்தபோது தான் உண்ணாமல் பிறர்க்குக் கொடுத்தவன் இறந்துவிட்டானே என்று ஏங்குகிறது. அது கொடையின் பாட்டு. அதியமான் ஔவையிடம் காசு வாங்கினானா? ஔவையின் திங்கட்கிழமைக் கூலியைப் பறித்தானா? அவள் பிள்ளைகளைப் பட்டினி போட்டானா? இன்று கம்பிக் கூண்டுக்குள் அமர்ந்து, விலைக்குமேல் பத்து உரூபாய் கூட்டி வாங்கும் ஓர் அமைப்பை அதியமானோடு ஒப்பிடுபவர்க்கு அதியமானும் தெரியாது, அமைப்பும் தெரியாது. மேலும், நம் முன்னோர் செய்தவை எல்லாவற்றையும் நாம் செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆநிரை கவர்ந்தார்கள், இன்று கவர்ந்தால் காவல்நிலையத்துக்குப் போக நேரும். முன்னோர் உண்டதையும் கண்டு, அதனால் விளைந்ததையும் கண்டு, எண்ணிப் பார்த்து ‘வேண்டா’ என்று ஓரதிகாரம் எழுதிய வள்ளுவரும் நம் முன்னோரே.

‘கள் உணவு, அயல்நாட்டுச் சாராயமே நஞ்சு, கள்ளுக்கடையைத் திறந்தால் பனையேறி பிழைப்பான்’ என்ற குரலும் அண்மையில் நம் அணிகளிலிருந்தே எழுகின்றது. பனையேறியின் பக்கம் நிற்போம், அதில் ஐயமில்லை. 1937-இல் கடை மூடியபோது முதலில் பிழைப்பிழந்தவர் அவரே என்பதும், அவர்க்கு மாற்றுவழி காட்டுவதில் அரசினர் போதிய அக்கறை காட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் பனை தருவது கள் மட்டும்தானா? பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலை, நார் என எத்தனை! பதநீர்க்கும் கருப்பட்டிக்கும் நல்ல விலை கிடைக்கச் செய்யாத ஆட்சியை எதிர்த்துப் போராடுவதை விட்டுவிட்டு, புளித்ததை மட்டும் விற்கும் உரிமைக்காகப் போராடுவது எதனால்? இளைஞர் தந்தை பெரியார் 1921-இல் என்ன செய்தார்? சேலம் தாதம்பட்டியில் இருந்த தம் தோப்பில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். பின்னாளில் பெரியார், சட்டத்தால் குடியை ஒழிக்க முடியாது என்று கள்விலக்கை மறுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பாதி வரலாறு கூறுவது நமக்கு அழகன்று. சட்டத்தின் மீது அவர் நம்பிக்கை இழந்தார் என்றால், நமக்கு எஞ்சுவது யாது? தானாக விடுவது. அது சட்டத்தினும் அரிது. ஆயினும் எந்த ஆட்சியாலும் தள்ளி வைக்க முடியாதது.

‘நாள் முழுதும் கல்லும் மண்ணும் சுமந்த உடம்பு, கொஞ்சம் போட்டால்தான் வலி தெரியாமல் தூங்கலாம்’ என்பது உழைப்பவர் கூற்று. இதை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. நான் கல் சுமப்பவன் அல்லேன். ஆனால் உடலியல் அறிஞர் சொல்வதைக் கேளுங்கள். சாராயம் விரைவில் உறங்க வைக்கிறது. ஆனால் பின்னிரவில் அவ்வுறக்கத்தைத் துண்டுதுண்டாக உடைக்கிறது. உடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது. உழைத்துத் தளர்ந்த தசை தன்னைச் செப்பனிட்டுக் கொள்ளும் இரவுப் பணியைக் கெடுக்கிறது. வலியை அது தீர்ப்பதில்லை. காலைக்கு ஒத்தி வைக்கிறது. காலையில் வலியும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. சாராயம் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று 1988-லேயே அனைத்துலக ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. கேடில்லாத அளவு என்று ஓர் அளவே இல்லை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023 சனவரியில் அறிவித்தது. ‘அளவோடு’ என்பவர் இதனை எண்ணுக.

‘அரசுக்கடை இல்லாவிடில் நஞ்சுச் சாராயம் பெருகும்’ என்பது ஆட்சியாளர் கூற்று. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தமிழ்நாட்டில் அரசுக்கடைகள் இல்லையா? ஆயிரக்கணக்கில் இருந்தன. கடையில் குடிக்கக் கற்றவன், கடை விலைக்குக் கூலி போதாதபோது மலிவானதைத் தேடுகிறான். பழக்கத்தை வளர்ப்பது கடை. பழகியவனைக் கொல்வது காய்ச்சுபவன். இருவரும் ஒரே வண்டியின் இரு மாடுகள். கடையை அகற்றக் கோரிச் சேலத்துச் சசிபெருமாள் 2015 சூலை 31-ஆம் நாள் குமரி மாவட்டத்தில் கைப்பேசிக் கோபுரத்தின்மேல் உயிர்விட்டார். அவ்வுயிருக்கு ஈடாக எத்தனை புட்டி குறைந்தது?

எனவேதான், ஆட்சி மூடும் என்று காத்திராதீர் என்கிறேன். மூடக் கோரிப் போராடுவோம், அது வேறு. ஆனால் பூட்டு விழும்வரை குடித்துக்கொண்டிருப்போம் என்பது போராட்டம் ஆகாது.

விடுவது எப்படி என்று ஓரிரு சொற்கள். நீண்ட நாள், நாள்தோறும், மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் திடுமென நிறுத்துவது உயிர்க்கே இடராகலாம். நிறுத்திய ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலையும் வரலாம். இதைப் பேய் என்று சொல்லி வேப்பிலை அடிப்பவரிடம் கொண்டு போகாதீர், மருத்துவரிடம் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு மருத்துவம் உண்டு. ஒரு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டால், அதன்பின் உடல் தானே உதவிக்கு வருகிறது. வடுப்படாத கல்லீரலில் படிந்த கொழுப்பு சில கிழமைகளிலேயே கரையத் தொடங்குகிறது, குருதி அழுத்தம் தணிகிறது, பசி திரும்புகிறது. தனியாக விடுவதினும் துணையோடு விடுவது எளிது. அமெரிக்காவில் 1935-இல் இரு குடிகாரர் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசிப் பேசியே குடியை விட்டனர். அச்சந்திப்பே இன்று உலகெங்கும் பரவிய ஓர் இயக்கமாயிற்று. வீட்டுப் பெண்டிர்க்கு ஒன்று: குடித்து வந்த இரவில் வழக்காடாதீர். குடித்திருப்பவனிடம் பேசிப் பயனில்லை என்பதை வள்ளுவரே சொல்லிவிட்டார். மறுநாள் காலை, தலைவலியும் நாணமும் ஒருசேர இருக்கும் வேளையில் பேசுங்கள்.

பெண்கள் பேசினால் என்ன நேரும் என்பதற்கு நம் அண்டைநாட்டுச் சான்று உண்டு. 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில், எழுத்தறிவுப் பாடநூலில் சாராயத்தை எதிர்த்து நின்ற பெண்களின் கதையைத் தெலுங்கில் படித்த பெண்கள், படித்ததைத் தம் ஊரில் செய்து காட்டினர். சாராயக் கடை மூடப்பட்டது. தீ பரவியது, 1995-இல் ஆந்திரம் முழுதும் குடிவிலக்கு வந்தது. ஈராண்டில் ஆட்சியாளர் அதை நெகிழ்த்தியது வேறு கதை. நான் சுட்ட விழைவது, அப்பெண்களை எழுப்பியது அவர்தம் தாய்மொழிப் பாடம் என்பதை. ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டிய அறிவிப்பன்று. அவர்கள் நாவில் வழங்கிய மொழியில் எழுதிய ஒரு சிறுகதை. தாய்மொழிக் கல்வி எதற்கு என்று கேட்போர்க்கு இதைச் சொல்லுங்கள்.

இறுதியாக, நம்மவரிடமே ஒரு சொல். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விடுவது அதினும் இழிவு. நம் கூட்டங்களில் ‘பேருந்து’ என்பதைப் ‘பஸ்’ என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னால் சீறி எழும் இளைஞர் சிலர், கூட்டம் முடிந்ததும் எங்கே போகின்றனர் என்பது ஊர்க்குத் தெரியும். அவர்கள் வாங்கும் புட்டியின் வகைக்கு அரசினர் இட்ட பெயர், ‘இந்தியாவில் செய்யப்பட்ட அயல்நாட்டு மது’. பெயரிலேயே இந்தியமும் அயன்மையும் ஒருசேர உள்ளன! அயற்சொல் நாவில் பட்டால் தமிழ் கெடும் என்கிறோம். அயற்சாராயம் அதே நாவில் பட்டால் தமிழன் கெடமாட்டானா? நம் இதழுக்கு இருபது உரூபாய்க் கையொப்பம் கேட்டால் ‘அடுத்த திங்கள்’ என்பவர், அன்று மாலையே இருநூறு உரூபாயை எண்ணிக் கொடுக்கின்றனர். நம் மேடையைக் கடந்து செல்லும் பெண்கள் நம் முழக்கத்தைக் கேட்பதில்லை. நம் வாயின் நாற்றத்தை அறிகின்றனர். அவர்கள் கணவன்மாரையும் மக்களையும் நம்மிடம் எந்த நம்பிக்கையில் அனுப்புவர்?

ஆகவே ஒரு வேண்டுகோள். எதிர்வரும் ஞாயிறன்று உங்கள் ஊர்க் கிளையின் கூட்டத்தைக் காலையில் வையுங்கள், மாலையில் வையாதீர். வருபவர் குடியாதவராக இருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும். அன்று மாலை அவரவர் வீட்டில் பிள்ளைகள் பக்கத்தில் அமருங்கள். கணக்கு வராவிட்டாலும் தாழ்வில்லை. மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போங்கள்.